செட்டிநாட்டு வீட்டைத் தெருவிலிருந்து பார்ப்பது எப்படி?

காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் கானாடுகாத்தான் வரும். முதல் முறை அங்கே போனபோது ஒரு பெரிய வீட்டின் முன் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, தெருமுனை திரும்பி அடுத்த தெருவுக்குள் நுழைந்தேன். நீளமான வெள்ளைச் சுவர், நடுவில் அடக்கமாக ஒரு வாசல். "இது யார் வீடுங்கய்யா?" என்று அங்கே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். "இப்பத்தானே முன்னாடி நின்னு பார்த்துட்டு வர்றீங்க? அதே வீடுதாங்க" என்றார். ஒரே வீட்டை இரண்டு வீடாக எண்ணியிருக்கிறேன்.

செட்டிநாடு என்றதும் நம் மனத்தில் வருவது தேக்குத் தூண், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல், வளவு எனப்படும் முற்றத்தில் சாய்ந்து விழும் வெயில். படங்களில் அதைத்தான் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு வீட்டையும் தனியாகப் பிடுங்கியெடுத்து, இத்தனை அறை, இத்தனை ஜன்னல் என்று கணக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த வீடு ஏன் அவ்வளவு நீளம், வாசற்படி ஏன் அவ்வளவு உயரம், முற்றத்தின் மூலையில் எதற்கு ஒரு துவாரம் என்று கேட்கத் தொடங்கினால், பாதிப் பதில் வீட்டுக்குள் கிடைக்காது. தெருவில் கிடைக்கும், ஊருணியில் கிடைக்கும், கொஞ்சம் பர்மாவின் ரங்கூனிலும் கிடைக்கும். ஆகவே வெளியிலிருந்தே தொடங்குவோம்.

ஊர் என்றால் எது?

செட்டிநாடு ஒரு மாவட்டமோ வட்டமோ இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் என்ற வணிகச் சமூகத்தார் குடியிருந்த ஊர்கள் சேர்ந்த நிலப்பகுதிக்குப் பேச்சு வழக்கில் அமைந்த பெயர் அது. இன்றைய கணக்கில் ஒரு பாதி சிவகங்கை மாவட்டத்திலும் மறுபாதி புதுக்கோட்டை மாவட்டத்திலும் வரும். இந்தப் பக்கம் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி. அந்தப் பக்கம் ராயவரம், கோனாபட்டு, ராங்கியம், வலையபட்டி, மேலைச்சிவபுரி. வழிவழியாக 96 ஊர் என்பார்கள். இப்போது சுமார் 75 ஊர்கள் இருக்கின்றன.

நகரத்தாரின் சொந்த மரபுக் கதைப்படி அவர்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள். கடலோரத்தில் பட்ட பாட்டுக்கு, இனிமேல் தண்ணீர் தொடாத இடமாகப் பார்த்து உள்நாட்டுக்கு வந்து குடியேறினார்களாம். இங்கே இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்களைச் சார்ந்து ஒன்பது பிரிவாக அமைந்தார்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்பதை வேறு இடத்தில் பேசலாம். நமக்கு வேண்டியது ஒன்று உண்டு: வந்து சேர்ந்த இடம் வறண்ட செம்மண் பூமி. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதுதான் வரவு. அதைப் பிடித்து வைக்கத் தெரியாவிட்டால் அங்கே ஊர் நடத்த முடியாது.

ஊருக்கு ஒரு நகரச் சிவன் கோயில், அதையொட்டி ஓர் ஊருணி, அப்புறம் நேர் நேராகத் தெருக்கள். பெரும்பாலான செட்டிநாட்டு ஊர்களின் எலும்புக்கூடு இதுதான். நம் பழைய கிராமங்கள் பலவற்றில் தெரு என்பது மாட்டுவண்டித் தடம் போன போக்கில் வளைந்து நெளிந்து உண்டாகியிருக்கும். இங்கே கயிறு பிடித்துக் கோடு போட்டதுபோல் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்ளும். முதலில் தெரு, பிறகு மனை, அதன் பிறகே வீடு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

இரண்டு தெருவைத் தொடும் வீடு

மனை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வீடும் அப்படியே. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறு தெருவில். நான் ஏமாந்தது இப்படித்தான். அகலத்தைவிட நீளம் பல மடங்கு இருக்கும். பல வீடுகளில் தலைவாசலில் நின்றால் கட்டுக்குமேல் கட்டாகக் கதவுகள் ஒரே நேர்கோட்டில் திறந்து, கடைசியில் பின்தெரு வெளிச்சம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும்.

வீட்டின் நீளம் பொதுவாகக் கிழக்கு மேற்காகப் போகும். இது வெறும் சாத்திரம் இல்லை, வெயில் கணக்கும்தான். செட்டிநாடு நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி வடக்கே இருக்கிறது. இவ்வளவு தெற்கில் உச்சி வெயில் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே நிற்கும். சாய்வாக வந்து சுவரைச் சுடுவது காலை வெயிலும் மாலை வெயிலும்தான். வீட்டின் குறுகிய இரண்டு முனைகள் மட்டும் கிழக்கையும் மேற்கையும் பார்த்தால் அந்த வெயில் படும் சுவர் மிகக் குறைவு. நீளமான பக்கச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்து, பக்கத்து வீட்டு நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு வீட்டைத் தனியே தூக்கி வெட்டவெளியில் வைத்தால் இந்தச் சலுகையில் பாதி போய்விடும்.

தெருவிலிருந்து ஏறும் படிகளைப் பாருங்கள். நாலைந்து படி சர்வசாதாரணம், சில இடங்களில் இன்னும் அதிகம். கடல் கொண்ட ஊரின் நினைவு என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஐப்பசி அடைமழையில் அந்தத் தெருவில் ஒருமுறை நின்றால் வேறு காரணமும் தெரியும்: மழைக்காலத்தில் தெருவுக்கும் வாய்க்கால் வேலை உண்டு. வீடு உயரத்தில் நிற்பது தெரு தண்ணீரைக் கொண்டுபோவதற்காகவும்தான்.

உள்ளே நடந்து பார்ப்போம்

வாசலில் முதலில் திண்ணை. இருபுறமும் மேடை, நடுவே நிலைக்கதவு. நிலையின் மேற்கட்டையில் யானைகள் நீர் சொரியும் கஜலட்சுமி. பர்மாத் தேக்கில் இந்த ஒரு நிலையைச் செதுக்குவதிலேயே ஆசாரி தன் முழுத் திறமையையும் காட்டியிருப்பார். திண்ணையோடு சேர்ந்த இந்த முன்பகுதியை முகப்பு என்கிறார்கள். ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது, வந்தவர்களோடு வட்டிப் பேச்சுப் பேசியது எல்லாம் இங்கேதான். முகப்பைத் தாண்டினால் பட்டாலை எனப்படும் கூடம். பிற்கால வீடுகளில் இந்த முன்கூடங்கள் மிகப் பெரிதாகிவிடும். பளிங்குத் தரை, சரவிளக்கு, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் இங்கேதான் இருக்கும்.

அடுத்தது வளவு. வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசையோடு தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சிறிய அறைகள். வீட்டின் நெஞ்சு இதுதான். முதல் முறை வருபவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். இவ்வளவு பெரிய மாளிகையில் அறைகள் மட்டும் ஏன் இவ்வளவு சின்னது?

அதற்கு அந்தக் குடும்பம் எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நகரத்தார் வழக்கில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோயில் வரி, ஊர்க் கணக்கு எல்லாம் தலைக்கு இல்லை, புள்ளிக்குத்தான். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனை வேறு வைப்பார்கள். வேறு வைப்பது என்றால் வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே வளவில் அவர்களுக்கென்று ஓர் அறை, பின்னால் தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. கூரை ஒன்று, உலை பல. சீர் சாமான்களையும் நகையையும் பூட்டி வைக்கத்தான் அந்த அறை. தூக்கமும் பேச்சும் தாழ்வாரத்திலேயே நடக்கும். ஆகவே பெட்டகம்போல் அறை சின்னதாக இருப்பதில் யாருக்கும் குறை இல்லை. வளவைச் சுற்றி எத்தனை கதவு என்று எண்ணினால், கட்டியவர் எத்தனை மகன்களை எதிர்பார்த்தார் என்று ஓரளவுக்கு ஊகிக்கலாம்!

வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டு. இங்கே பந்தி. அதற்கும் பின்னால் மூன்றாம் கட்டு, அடுப்படிகள், கிணறு, கருங்கல்லில் பதித்த அம்மி, உரல், ஆட்டுக்கல். பெண்களின் ராஜ்ஜியம். ஆண்கள் பல ஆண்டுகள் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தபோது வீட்டையும் உள்ளூர் வரவு செலவையும் நடத்தியவர்கள் இந்தப் பின்கட்டிலிருந்துதான் நடத்தினார்கள். படம் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் வளவோடு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பின்கட்டுதான் அந்த வீட்டின் மிக நேர்மையான பகுதி. அங்கே யாரையும் அசத்த வேண்டிய அவசியம் இல்லை. கை போகும் உயரத்தில் மாடக்குழி, கால் படும் இடத்தில் தேய்ந்த கல், அவ்வளவுதான்.

சரி, இந்த முன்பின் வரிசைக்குத் தெரு எப்படிக் காரணம்? விறகும் நெல் மூட்டையும் பின்தெரு வழியாக வரும். விருந்தினர் முன்தெரு வழியாக வருவார்கள். ஒரு கல்யாணத்தில் முன்வாசலில் மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பின்வாசலில் காய்கறி வண்டி இறங்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே வேண்டாம்.

மழை போகும் வழி

இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பொருளைப் பின்தொடரச் சொன்னால், ஒரு மழைத்துளியைத்தான் சொல்வேன்.

ஓட்டுக்கூரை நான்கு பக்கமும் வளவுக்குள் சரிகிறது. விழும் மழை எல்லாம் முற்றத்தை நோக்கி ஓடி வரும். கூரைச் சரிவுகள் சந்திக்கும் மூலைகளில் தகரத்திலோ செம்பிலோ செய்த வாய்கள் இருக்கும். அவற்றின் கீழே அண்டாவும் தவலையும் வைத்து முதலில் வீட்டுக்குத் தேவையானதைப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் கருங்கல் பாவிய முற்றத்தில் விழும். முற்றத்தின் தரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு மூலைக்குச் சாய்ந்திருக்கும். அந்த மூலையில்தான் நான் முன்பு சொன்ன துவாரம். அங்கிருந்து தரைக்கடியில் கல் கட்டிய வடிகால் வழியாகச் சில வீடுகளில் கிணற்றுக்குப் போகும். போக எஞ்சியது தெருவோர வடிகாலில் சேரும். தெரு வடிகால்கள் ஊரின் சரிவைப் பார்த்து வெட்டப்பட்டவை. அவை ஊருணிக்கும் குளத்துக்கும் போகும் வரத்துக் கால்களில் கலக்கும்.

ஆக, ஒரு வீட்டின் கூரைச் சரிவும் ஊருணியின் மட்டமும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள். நடுவில் யாராவது வடிகாலின்மேல் மேடை கட்டிவிட்டால் மேலே உள்ள வீட்டின் வளவில் தண்ணீர் தேங்கும், கீழே ஊருணி காயும். தெருவைக் கோடு போட்டு அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வளைந்த தெருவில் சரிவைப் பிடிப்பது கடினம்.

ஊருணியைக் குளம் என்று நினைத்துவிடக் கூடாது. குளத்தில் குளிக்கலாம், மாடு கழுவலாம். ஊருணி ஊர் உண்ணும் நீர். குடிநீர் ஊருணிகளைச் செம்புறாங்கல்லில் கரை கட்டி, படித்துறை வைத்து, சுற்றுச் சுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள். சில ஊர்களில் அந்தக் கல்வேலையின் நேர்த்தியைப் பார்த்தால் ஏதோ கோயில் திருக்குளம் என்றே தோன்றும். பர்மாவில் சம்பாதித்த பணம் வீட்டு முகப்புக்கு மட்டும் போகவில்லை; ஊருணி வெட்டுவதும் கோயில் திருப்பணியும் அந்தச் செலவில் சேர்ந்தவையே.

சுவர், ஓடு, கல்

கட்டுமானப் பொருள்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு: பர்மாத் தேக்கு, இலங்கை முதிரை மரம், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூ ஓடு. உண்மைதான். ஆனால் வீடு இன்னும் நிற்பதற்குக் காரணம் இந்தக் கப்பல் சரக்கு இல்லை, உள்ளூர்ச் சுண்ணாம்பு.

செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பளிங்குபோல் வழுவழுவென்று, சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கும். உள்ளே சுட்ட செங்கல், மேலே அடுக்கடுக்காகச் சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு பல நாள் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி கரைசலும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். கடைசிப் பூச்சு மிக மெல்லியது. சலித்த சுண்ணாம்பு, வெள்ளைக்கல் பொடி, முட்டையின் வெள்ளைக்கரு. இதைப் பூசி, ஈரம் காயக் காய வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்த மெருகுக்கு அப்புறம் வெள்ளையடிக்கும் வேலையே இல்லை.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. ஆண்டுகள் போகப் போக இறுகும். வெல்லமும் கடுக்காயும் சாந்தைக் குழைவாக்கி, அவசரமாக உலர்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். முட்டைப் புரதம் ஒட்டுக்கும் பளபளப்புக்கும். முக்கியமாக, இந்தச் சுவர் மூச்சு விடும்; உள்ளே ஏறிய ஈரம் வெளியே வந்துவிடும். இன்றைக்குப் பழுதுபார்க்க வருபவர்கள் விரிசலில் சிமெண்ட் அப்பிவிட்டுப் போகிறார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். இரண்டு மழைக்குள் பக்கத்துச் சாந்து பொரிந்து உதிரத் தொடங்கும். பழைய வீட்டுக்குச் செய்யும் கெடுதல்களில் இதுதான் மிகச் சாதாரணமானது, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதும் கூட.

கூரையில் கையால் செய்த நாட்டு ஓடு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. ஓடுகளுக்கு நடுவே நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கும் மெத்தை. மாடித் தளம் போட்ட இடங்களில் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்த தளம்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதே இல்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சுக்குள் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும், மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கும் மேலே கலவை போட்டுச் சமன் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும், வெயிலில் காயும். கண்ணாடியிலிருந்து கழற்றும்போது கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கும். கண்ணாடியை ஒட்டியிருந்த அடிப்பக்கம்தான் நாம் மிதிக்கும் மேல்பக்கம். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும், புழங்காத வீட்டில் மங்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் தரையைப் பார்த்தாலே எத்தனை காலமாகப் பூட்டு என்று சொல்லக்கூடிய மேஸ்திரிகள் இருக்கிறார்கள்.

எந்தக் காலத்து வீடு?

இந்த வீடுகளைப் பழங்காலத்தவை, மன்னர் காலத்தவை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இல்லை. பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையே எழுந்தவை. அந்தத் தொண்ணூறு ஆண்டுக் கதை பர்மா நெல்லில் தொடங்குகிறது. 1852-இல் நடந்த போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையின் காட்டை வெட்டி வயலாக்கி, அரிசியைக் கப்பலேற்ற விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நகரத்தார். மூன்றாண்டுக்கு ஒரு தவணை என்று அங்கே கிட்டங்கி என்ற கடை விடுதியில் தங்கி லேவாதேவி, அதாவது வட்டித் தொழில், நடத்திவிட்டு ஊர் திரும்புவார்கள். வீடு அங்கே இல்லை, இங்கே. அங்கே சம்பாதித்ததை இங்கே கட்டினார்கள்.

ஆகவே ஒரு வீட்டின் வயதைக் கணிக்க முகப்பைப் படித்தால் போதும். தரைத்தளம் மட்டும், தாழ்ந்த ஓட்டுச் சரிவு, மரத்தூண் நிற்கும் எளிய திண்ணை என்றால் அநேகமாக முந்திய தலைமுறை. மாடி ஏறி, வளைவுகளும் கைப்பிடிச் சுவர்களும் சுதைப் பொம்மைகளும் வந்துவிட்டால் 1900-ஐ ஒட்டிய செழிப்புக் காலம். இந்தச் சுதைகளை நின்று பார்க்க வேண்டும். நடுவில் லட்சுமி இருப்பாள், இரு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல். லட்சுமிக்கு யார் காவல் இருந்தால் தொழில் நடக்கும் என்று கட்டியவருக்குத் தெரிந்திருந்தது! கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டிய செட்டிநாடு அரண்மனை 1912-இல் முடிந்தது. இந்தக் காலத்தின் உச்சம் அது. வளைவுகள் குறைந்து, நேர்க்கோடுகளும் படிப்படியான விளிம்புகளும் கடிகாரக் கோபுரம் மாதிரியான முகப்பும் தெரிந்தால் 1930-கள், 40-கள். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-இல் கட்டப்பட்டது.

அந்த ஆண்டின் கடைசியில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942-இல் பர்மா விழுந்தது. கப்பல் கிடைக்காமல் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் ஏராளம். போர் முடிந்து திரும்பலாம் என்றிருந்தவர்களுக்கு 1948-இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. செட்டிநாட்டில் புதிய மாளிகை எழுவது கிட்டத்தட்ட அத்தோடு நின்றுபோயிற்று. வருமானம் ஒரு கடலைத் தாண்டி இருந்தது, கடல் மூடிக்கொண்டது.

ஒரு கட்டிடமா, ஒரு பகுதியா?

இப்போது இந்த வீடுகளைக் காப்பது எப்படி என்ற கேள்விக்கு வரலாம். பழைய கட்டிடத்தைக் காப்பது என்றால் நமக்குத் தெரிந்த வழி, ஒரு கோயிலையோ கோட்டையையோ நினைவுச் சின்னமாக அறிவிப்பது. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி குறைந்தது 100 ஆண்டுப் பழமை வேண்டும். தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவித்துவிட்டால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை. ஒற்றைக் கட்டிடத்துக்கு நல்ல வேலி அது. ஆனால் செட்டிநாட்டில் ஒரு வீட்டை மட்டும் வேலி போட்டுக் காத்துவிட்டு, எதிர்ச் சாரியில் நாலு மாடி கான்கிரீட் எழ விட்டால் என்ன மிஞ்சும்? தெருவின் நிழல் போகும், வடிகால் மட்டம் மாறும், ஊருணிக்கு நீர் வராது. தவிர, ஆட்கள் குடியிருக்கும் தனியார் வீட்டை அருங்காட்சியகம்போல் நடத்தவும் முடியாது.

இதனால்தான் உலகெங்கும் தனிக் கட்டிடத்துக்குப் பதிலாகத் தெருக்களும் நீர்நிலைகளும் சேர்ந்த முழுப் பகுதியையும் ஒரே பாரம்பரியமாகப் பார்க்கும் வழக்கம் வந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் செட்டிநாடு சேர்ந்தபோது, எந்த ஒரு அரண்மனையின் பெயரிலும் சேரவில்லை. தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்றுதான் குறிக்கப்பட்டது. தற்காலிகப் பட்டியல் என்பது பட்டம் இல்லை. நாளைக்கு முன்மொழியப் போகிறோம் என்று ஒரு நாடு போட்டு வைக்கும் துண்டு மாதிரி. தமிழ்நாட்டிலும் பாரம்பரியக் கட்டிடங்களுக்கும் இடங்களுக்கும் ஓர் ஆணையம் அமைக்க 2012-இல் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டத்தைவிடச் சிக்கலானது உரிமை. மூன்று நான்கு தலைமுறை போனதில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள் இருப்பது சாதாரணம். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்று மற்றவருக்கே தெரியாது. எல்லோரும் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது. எல்லோரும் காசு போடாமல் ஓடு மாற்றவும் முடியாது. வேடிக்கை என்னவென்றால் பல வீடுகள் இடிபடாமல் தப்பியதற்கும், அதே வீடுகள் ஒழுகி விழுவதற்கும் காரணம் இந்த ஒரே பங்குப் பத்திரம்தான். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் குடும்பம் கூடும்போது கதவு திறக்கும். நாலு நாள் வீடு முழுக்கச் சத்தம், அப்புறம் பூட்டு. சில வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதைக் குறை சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். தினமும் கூட்டிப் பெருக்கப்படும் வீட்டில் கரையான் தங்குவதில்லை.

பங்காளிகள் ஒத்துப்போய் விற்றுவிட்ட வீடுகள் வந்து சேரும் இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள் நிறைந்த தெரு அது. அங்கே ஒரு கடை வாசலில் நிலைகளும் உத்தரங்களும் பீங்கான் சாடிகளும் குவிந்து கிடக்க, சுவரில் ஒரு தேக்குத் தூண் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இப்போது உங்களாலேயே அதைப் படிக்க முடியும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, கோடு கோடாக மழை அடித்த தடம் இருந்தது. மறுபக்கம் இடுப்புயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்து மின்னியது, ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்த இடம். அது வளவுத் தூண்.